சீதாவின் பங்கு

தெம்பேயைப் பொரிப்பதற்கு முன் உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரில் கால் மணி நேரமாவது ஊறவைக்க வேண்டும். இதைச் செய்யாதவர்கள்தான் அது சப்பென்று இருக்கிறது, சவக் சவக்கென்று இருக்கிறது என்று குறை சொல்கிறார்கள். தெம்பே என்ன பாவம் செய்தது? ஜாவாக்காரப் பெண்கள் சோயா மொச்சையைப் புளிக்கவைத்து, வாழையிலையில் கட்டி விற்கும் வெறும் வில்லை அது. அதற்குப் பக்குவம் நாம்தான் கொடுக்க வேண்டும். ஊறியதைத் துணியில் ஒற்றி, மிளகும் சோம்பும் பூண்டும் அரைத்துப் பூசிப் பிரட்டினால் ஆட்டிறைச்சிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. இதை நானாகச் சொல்லவில்லை. என் வீட்டில் கை நனைத்த நாற்பது ஐம்பது பேர் சொன்னது.

இன்ஸ்பெக்டர் ஐயா, நடந்ததை என் கைப்படத் தமிழிலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். வக்கீல் ஆபீசில் பதினாலு வருடமாகப் பிறருடைய வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்தவன் நான். அழுவார்கள், கள்ளின் மேல் பழி போடுவார்கள், சனியன் பிடித்தது என்பார்கள். நான் அப்படியெல்லாம் எழுதி உங்கள் நேரத்தைக் கெடுக்கப்போவதில்லை. பெயர் கருணாகரன். வயது முப்பத்தெட்டு. பிறந்தது புக்கிட் காதில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது குடியிருப்பது காஜா பெராங் சாலையில், வாடகை வீட்டில். என் மனைவி சீதா போன ஆகஸ்டு மாதம் இறந்துபோனாள், வயிற்றில் எட்டு மாதப் பிள்ளையோடு. அதில் என் பங்கு என்ன என்று கேட்கிறீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

சீதா செட்டிகளின் குடியிருப்பான கம்போங்கைச் சேர்ந்தவள். அவளுடைய முன்னோர்கள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்து இங்கேயே பெண்ணெடுத்து இருநூறு முந்நூறு வருடமாயிற்று. சாமி நம் சாமி, பெயர் நம் பெயர். பேச்சு மட்டும் மலாய். தமிழ் ஏதோ ஊறுகாய்போல் ஒரு சொல் இரண்டு சொல் ஒட்டிக்கொண்டிருக்கும். மாரியம்மன் கோயிலுக்குச் சாரோங் கட்டிக்கொண்டு போவார்கள். எனக்கு அதில் கோபம் கிடையாது, இரக்கம்தான். என்னை மலாய் வழக்கப்படி 'அபாங்', அதாவது அண்ணன், என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவளை 'அத்தான்' என்று கூப்பிடப் பழக்கினேன். இரண்டே வாரத்தில் பழகிவிட்டாள். சொன்னதைக் கேட்பாள். இதை அவளைப் பாராட்டித்தான் எழுதுகிறேன்.

ஐம்பத்தாறாம் வருடம் பிப்ரவரி மாதம் பண்டார் ஹிலிர் திடலில் சுதந்திரத் தேதியை அறிவித்தார்களே, அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று. சைக்கிளில் திரும்பும்போது ஒரு யோசனை வந்தது. வெள்ளைக்காரன் மூட்டை கட்ட ஒன்றரை வருடம் வாய்தா கொடுத்திருக்கிறோம். மாமிசத்துக்கு ஏன் வாய்தா? வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்பில் கோழிக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. கொண்டுபோய் வாழை மரத்தடியில் கொட்டு என்றேன். சீதா சிரித்துக்கொண்டே கொட்டினாள். ஒரு வாரத்தில் மனசு மாறிவிடுவேன் என்று நினைத்திருக்கிறாள். கொட்டச் சொன்னது தவறு என்று பின்னால் நானே உணர்ந்தேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

அந்த மாதமே சீவகாருண்ய சங்கம் தொடங்கினோம். ஏழு பேர். செயலாளர் நான். கூட்டம் எங்கள் வீட்டு முன்னறையில், சாப்பாடு சீதாவின் பொறுப்பில். திங்கள் தெம்பே, செவ்வாய் தௌஹூ என்கிற சோயாப் பால்கட்டி, புதன் மொச்சை. சீனர்களின் சைவக் கோயிலில் கோதுமை மாவைக் கழுவிக் கழுவி எடுத்த பசையை வாத்துபோலவே தோல் சுருக்கம் வைத்துச் செய்வார்கள். அதையும் நானே போய்க் கேட்டு, எழுதிக்கொண்டு வந்து சீதாவைச் செய்யவைத்தேன். இறைச்சி வேண்டாம் என்று சொல்கிறவருக்கு இறைச்சிபோல் ஒன்று எதற்கு என்று ஒரு சங்க உறுப்பினர் கேட்டார். அப்படிக் கேட்கிறவர்கள் இரண்டாம் முறை போடச் சொல்லிச் சாப்பிடுவதை நான் கவனித்திருக்கிறேன்.

செட்டி மக்களிடம் பார்ச்சு என்று ஒரு வழக்கம் உண்டு. நம் படையல்தான். பொங்கலுக்கு முதல் நாள் இறந்தவர்களுக்கு இலை போட்டு, அவரவருக்கு உயிரோடு இருந்தபோது என்ன பிடிக்குமோ அதை வைத்து, கும்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவார்கள். முன்னோர்கள் வந்து நிம்மதியாகச் சாப்பிட வேண்டுமாம். ஐம்பத்தேழாம் வருடப் பார்ச்சில் என் மாமனார் வேலாயுதத்தின் இலையில், அவருக்குப் பிடித்த வாத்துக்குப் பதில் கோதுமை வாத்தை வைக்கச் சொன்னேன். என் மாமியார் மீனாச்சி அம்மாள் முகம் சுருங்கியது. கதவைத் திறந்தபோது வாத்து வைத்தபடி இருந்தது. அவர் சாப்பிடவில்லையே என்று மாமியார் கண்ணைத் துடைத்தார். இறந்தவர்கள் வாசனையை மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள், எந்த இலையும் காலியாகாது என்று அங்கிருந்த பெரியவர் சின்னப்பா சமாதானம் சொன்னார். அந்த வாசனையாவது வாத்தினுடையதாக இருக்க வேண்டாமா என்றார் மாமியார். வயதானவர்களோடு வாதாடுவது என் வழக்கமில்லை.

அடுத்த மாதமே சீதா கர்ப்பம் என்று தெரிந்தது. கல்யாணமாகி மூன்று வருடம் காத்திருந்த பிள்ளை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சங்கத்துக்கும் அப்படித்தான். பிள்ளை பிறந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று எங்கள் ஆண்டுவிழாவைச் சுதந்திரம் கிடைத்த இரண்டாம் மாதத்துக்குத் தள்ளிவைத்தோம். அதற்கு இருநூறு நோட்டீஸ் அடித்தோம். 'மாமிசம் தொடாத தாய், மாமிசம் அறியாத சேய்' என்று தலைப்பு, இருவரும் மேடையில் தோன்றுவார்கள் என்று கீழே. வாசகம் என்னுடையது. சீதா அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, பிள்ளை ஒல்லியாகப் பிறந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். பிறக்காது என்றேன்.

ஐந்தாம் மாதம் அவளுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. டாக்டர் கலியாணசுந்தரத்திடம் கூட்டிப்போனேன். அவர் அவள் கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். அவளை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"மிஸ்டர் கருணாகரன், ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கு. இப்படியே போனா பிரசவத்தைத் தாங்க மாட்டாங்க. வாரம் ரெண்டு நாள் ஈரல் கொடுங்க. இந்த டானிக்கை மூணு வேளையும் கொடுங்க. சங்கத்தை எல்லாம் பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கலாம்."

நான் பிடிவாதக்காரன் என்று கம்போங்கில் சொல்லியிருப்பார்கள். பாருங்கள், டாக்டர் சொன்னதற்கு உடனே சம்மதித்தேன். நேரே மாமியார் வீட்டுக்குப் போய், செவ்வாயும் வெள்ளியும் ஆட்டு ஈரலை மிளகு போட்டு வறுத்து அனுப்பச் சொன்னேன். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். ஈரல் என்ற பேச்சையே சீதாவிடம் எடுக்கக்கூடாது. அவள் கபடில்லாதவள், சங்கத்தார் முன்னால் வாய் தவறிச் சொல்லிவிட்டால் என் மானம் போய்விடும். சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள் என்றேன். மாமியார் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உங்களைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டேன் என்று மலாயில் சொல்லி அழுதார். எனக்கே மனசு இளகிவிட்டது.

என் மைத்துனி இந்திரா தையல் கடைக்குப் போகிற வழியில் தூக்குச் சட்டியை வாசலில் என் கையில் கொடுத்துவிட்டுப் போவாள். முதல் செவ்வாய்க்கிழமை அதை வாங்கிக்கொண்டு வாழை மரத்தடிக்குத்தான் போனேன். சத்தியமாகக் கொட்டத்தான் போனேன். மூடியைத் திறந்தபோதுதான் யோசித்தேன். ஓர் ஆடு செத்துவிட்டது. அது செத்தது செத்ததுதான். இதை மண்ணில் கொட்டினால் அந்த உயிருக்கு என்ன மரியாதை? சீதாவுக்குக் கொடுத்தால் கொள்கை போகிறது, கொட்டினால் உயிர் வீணாகிறது. யாராவது ஒருவர் அந்தப் பாவத்தை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? நானே ஏற்றுக்கொண்டேன். வாழை மரத்தை ஒட்டிய கிணற்றடியில் நின்றபடியே.

மாமியார் கைமணத்தை இங்கே எழுதாமல் விட்டால் அது நன்றி கெட்டதனம். நல்லெண்ணெயில் வெங்காயம் சிவக்க வதக்கி, மிளகை ஒன்றும் பாதியுமாகத் தட்டிப் போட்டிருந்தார். உப்பு மட்டும் கொஞ்சம் குறைவு. வெள்ளிக்கிழமை அதைச் சொல்லி அனுப்பினேன். சீதாவுக்கு உப்புக் கூட வேண்டுமாம் என்று சொல்லச் சொன்னேன்.

சட்டியைக் கழுவி, நான் பிரட்டிவைத்திருந்த தெம்பேயை அதில் போட்டு, உன் அம்மா அனுப்பினார் என்று சீதாவிடம் கொடுப்பேன். அவளும் அம்மா செய்தது என்று நினைத்து ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிடுவாள். சட்டியை முகர்ந்துகூடப் பார்ப்பாள். மாமியார் வந்து, அனுப்பியதைச் சாப்பிட்டாயா என்று கேட்டால், எல்லாம் சாப்பிட்டேன் அம்மா என்பாள். ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதை ஐயா கவனிக்க வேண்டும்.

டானிக் விஷயமும் அப்படித்தான். லேபிளில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் போட்டிருந்தது, மாட்டு ஈரலின் சத்து என்று. ஆடுகூடப் பரவாயில்லை, மாடு. சீதாவுக்கு அது தெரிந்தால் மனசு என்ன பாடுபடும்? அவளுக்குத் தெரியாமல் அந்த மாட்டையும் நானே குடித்து முடித்தேன், மூன்று வேளையும், டாக்டர் சொன்ன அளவில். காலிப் பாட்டிலில் வெல்லம் காய்ச்சிய தண்ணீரும் ஒரு சொட்டுக் கருப்புச் சோயாக் கிச்சாப்பும் இஞ்சிச் சாறும் கலந்து வைத்தேன். நிறம் அச்சாக வந்தது. நன்றாக இருக்கிறது என்று சீதாவே சொன்னாள். ஒவ்வொரு பாட்டிலும் தீரத் தீர ஒழுங்காகப் போய்ப் புதிது வாங்கிவந்தேன். டாக்டர் ஆபீசில் கேட்டுப் பாருங்கள், ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

ஆறாம் மாதம் முடியும்போது அவள் உள்ளங்கை காகிதமாக வெளுத்திருந்தது. பச்சரிசியை மென்றாள். பிறகு கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரை நகத்தால் சுரண்டித் தின்ன ஆரம்பித்தாள். ஒரு நாள் நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்து கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள், உதட்டில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. சுண்ணாம்பு சைவம்தான் என்பதால் நான் தடுக்கவில்லை.

இரண்டு தரம்தான் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டாள். முதல் தரம் ஏழாம் மாதத் தொடக்கத்தில். படுத்தபடியே என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்.

"அத்தான், அம்மாகிட்ட கொஞ்சம் ஈரல் கேளுங்க. ஒரே தரம். புள்ளை கேக்குது."

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மறுநாள், கேட்டேன், புருஷன் பேச்சைக் கேட்டு நட என்று உன் அம்மா சொல்லிவிட்டார் என்றேன். அன்று ஒரு வெள்ளிக்கிழமை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அதன்பின் மாமியார் வரும்போதெல்லாம் கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மசக்கைக் கோபம் என்று நான் மாமியாருக்கு ஆறுதல் சொன்னேன்.

இரண்டாம் தரம் கேட்டது கேள்விதான். ஆபீசுக்குக் கிளம்புமுன் அவள் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தேன். அவள் மூச்சை இழுத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"உங்க வாயில ஈரல் வாசம் வருதே, ஏன் அத்தான்?"

கர்ப்பிணிகளுக்கு இல்லாத வாசனையெல்லாம் வரும் என்று விளக்கினேன். தலையை ஆட்டினாள். பிறகு, இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்தில் குனிந்திருங்கள் என்றாள். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் ஒரு நிமிஷம் இருந்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

இதற்கிடையில் என் உடம்பு தேறிவிட்டது. உண்மையை மறைக்கவா முடியும். கன்னம் சதை பிடித்தது, கால்சட்டையை இந்திராவிடம் கொடுத்துப் பிரித்துத் தைத்துக்கொண்டேன். சங்கக் கூட்டத்தில், சைவத்தின் மகிமைக்குச் செயலாளரின் முகமே சாட்சி என்று ஒருவர் பேசினார். கைதட்டினார்கள். டாக்டர்கூட ஒரு முறை, அம்மாவுக்கு வர வேண்டிய ரத்தமெல்லாம் உங்களுக்கு வருதே என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மனநிறைவுதான் காரணம் என்பது என் கருத்து.

ஆகஸ்டு இருபத்தொன்பதாம் தேதி, வியாழக்கிழமை. கம்போங் முழுக்கக் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்டுவிழா ஏற்பாட்டுக்காகச் சங்கத்தார் ஆறு பேர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். நான் சீதாவை எழுந்திருக்கச் சொல்லவில்லை. யார் சமைப்பார்கள் என்று மட்டும்தான் கேட்டேன். அவளாகத்தான் எழுந்துபோனாள். முன்னறையில் வரவேற்புரை யார் சொல்வது என்று பேசிக்கொண்டிருக்கும்போது பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அடுப்படியிலேயே சரிந்து கிடந்தாள். எண்ணெய்ச் சட்டியில் தெம்பே கருகிக்கொண்டிருந்தது. முதலில் அதை இறக்கிவைத்தேன், வீடு பற்றிக்கொள்ளக் கூடாதல்லவா. டாக்டர் வந்தபோது அவளும் இல்லை, பிள்ளையும் இல்லை.

ரத்தச் சோகை, இருதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். வாரம் இரண்டு நாள் ஈரல், மூன்று வேளை டானிக், எப்படி இப்படி ஆயிற்று என்று அவருக்கு ஒரே குழப்பம். நான் கொடுத்தேனே டாக்டர், வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தேனே என்று இந்திரா அழுதாள். சில உடம்பு எதையும் ஏற்காது என்று அவரே முடிவுக்கு வந்தார். சங்கத்தில் அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை. தூக்குச் சட்டி வரவில்லை. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நான் அழவில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அழுதேன். செவ்வாய்க்கிழமைகளில் அதிகமாக அழுதேன்.

இந்த ஜனவரியில் பார்ச்சு வந்தது. சீதாவுக்கு முதல் இலை. என்ன வைப்பது என்று மாமியார் என்னைக் கேட்கவில்லை. அதே தூக்குச் சட்டி நிறைய மிளகு ஈரல் வறுத்து இலை நடுவில் வைத்தார். கர்ப்பமாக இருந்தபோது அவளுக்கு அதுதான் உயிர், உப்புக் கூட வேண்டும் என்று சொல்லியனுப்புவாளே என்றார். கும்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள். எல்லோரும் வாசல் பந்தலில் போய் உட்கார்ந்தோம். நான் கால் கழுவப் பின்பக்கம் போனேன். அடுப்படிக் கதவு தாழ்ப்பாள் போடாமல் இருந்தது.

ஐயா, நான்கரை மாதம் ஆகியிருந்தது. வாசனை கிணறு வரைக்கும் வந்தது. உள்ளே போனேன். ஒன்றும் தவறாக நினைக்கவில்லை. சீதாவின் பங்கை நான் சாப்பிடுவது எங்கள் இரண்டு பேருக்கும் பழகிப்போன விஷயம். வழித்துச் சாப்பிட்டுவிட்டு, வாய் கொப்பளித்து, பந்தலில் வந்து உட்கார்ந்தேன்.

கதவைத் திறந்ததும் மாமியார் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. "சீதா சுடா மாக்கான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சீதா சாப்பிட்டுவிட்டாள், என் மகள் வந்து சாப்பிட்டுவிட்டாள் என்று காலி இலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். பெண்கள் எல்லோரும் அழுதார்கள். அந்தத் தாய்க்கு அப்படி ஒரு சந்தோஷத்தைக் கொடுத்தது நான்தான் என்று நினைத்து நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சின்னப்பா ஒருவர்தான் அழவில்லை. அறுபது வருடமாகப் பார்ச்சு பார்க்கிறேன், வாசனை எடுத்துக்கொண்டு போகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன், இலையை வழித்துவிட்டுப் போகிறது பட்டினியோடு செத்த ஆவி என்றார். மாமியார் அவரிடம், வாரம் இரண்டு தரம் கொடுத்தனுப்பினேனே, எப்படிப் பட்டினி என்று கேட்டார். சின்னப்பா இந்திராவைப் பார்த்தார். நான் அபாங் கையில்தான் கொடுத்தேன் என்றாள் இந்திரா. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, அவளே பிரித்துத் தைத்த கால்சட்டையின் இடுப்பைப் பார்த்தாள்.

மாமியார் உள்ளே போய், சீதாவின் சீப்போடும் வளையலோடும் எடுத்துவைத்திருந்த டானிக் பாட்டிலைக் கொண்டுவந்தார். பாதி இருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். எத்தனை வருடம் வெல்லப் பலகாரம் செய்து விற்றவர், வெல்லம் தெரியாதா அவருக்கு. மாலையில் அது டாக்டரிடம் போனது, மறுநாள் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். ஆவி சாப்பிட்டது என்ற மூடநம்பிக்கையில் தொடங்கிய விசாரணை இது என்பதைக் கோர்ட்டில் என் தரப்பில் கட்டாயம் சொல்லப் போகிறேன்.

நீங்கள் கேட்டதற்கு நேரடியான பதில் இதுதான். ஆமாம், ஈரலைச் சாப்பிட்டது நான். டானிக்கைக் குடித்தது நான். கொடுக்காவிட்டால் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னதும் என் காதில் விழுந்தது. ஒரு வார்த்தையையும் நான் மாற்றப்போவதில்லை. இங்கே லாக்கப்பில் நேற்று மீன் குழம்பு கொடுத்தார்கள். செத்துப்போன மீனை அவமதிக்க மனம் வராமல் சாப்பிட்டேன்.

கடைசியாக ஒன்றை மட்டும் தயவுசெய்து பதிவு செய்துகொள்ளுங்கள், சங்கத்தார் கேட்டால் சொல்லலாம். சுதந்திரத் தேதி அறிவித்த நாளிலிருந்து இன்று வரை, என் வீட்டு அடுப்படியில் ஓர் உயிர்கூடப் போனதில்லை.